கோட்டுக்கு மேலே நின்ற புள்ளி

நான் வரைந்த முதல் சொந்தக் கோடு கீழிருந்து மேலே ஏறியது. அதற்கு முன் பாடப்புத்தகக் கணக்குகளுக்காக எத்தனையோ கோடுகள் போட்டிருக்கிறேன். அவற்றில் உரமும் விளைச்சலும் இருக்கும், மழையும் குடையும் இருக்கும். யாருடைய உரம், எந்த ஊர் மழை என்று கேட்கத் தோன்றியதில்லை. இந்தக் கோட்டைச் சுற்றி இருந்தவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் நாற்பது பெண்கள். ஆளுக்கு ஒரு புள்ளி. அதில் ஒரு புள்ளி என் அம்மா.

எம்.ஏ. பொருளாதாரம் கடைசிப் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலோர் இணையத்தில் கிடைக்கும் அரசுப் புள்ளிவிவரத்தை இறக்கிக்கொண்டார்கள். எனக்கு அது போதவில்லை. பொருளாதார அளவையியல்தான் எனக்குப் பிடித்த தாள். பிளஸ் டூவில் தமிழ் வழியில் 'தொடர்புப் போக்கு' என்று படித்ததைத்தான் கல்லூரியில் 'ரெக்ரஷன்' என்கிறார்கள் என்று புரிந்த அன்று, கடைசி பெஞ்சிலிருந்து பையை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போனேன். பிறகு அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளும் நான்தான். அம்மாவுக்கு மூன்றாம் வகுப்பு. லோடு வண்டி ஓட்டும் அப்பாவுக்கு அதுவும் இல்லை. வாரத்தில் பாதி நாள் ஓசூர் பக்கம் இருப்பார். ப்ராஜெக்ட் என்று ஒன்று செய்தால் அது எங்கள் ஆட்களைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா வேலை செய்யும் கம்பெனிக்கே போய்க் கேட்டேன். அங்கே பணியாளர் பிரிவு அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். ஐயப்பன்தாங்கலிலிருந்து பைக்கில் வருபவர், எல்லோரிடமும் 'மா' போட்டுப் பேசுபவர். "உங்க அம்மா எந்த லைன்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டதைக் கொடுத்தார். மூன்று மாத ஆல்ட்டர் நோட்டுகள்; டெய்லர்களின் நம்பரும் வயதும் இருந்த ஒரு பட்டியல். பெயர்கள் கிடையாது.

ஆல்ட்டர் என்றால் திரும்பி வரும் துணி. வெட்டிய துணிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, மெஷின்கள் வரிசையாக இருக்கும் லைனில் விடுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். தன் பங்கு தையலை முடித்த டெய்லர் அந்தச் சீட்டில் தன் நம்பரை எழுதி அடுத்த மெஷினுக்குத் தள்ளுவார். கடைசியில் செக்கிங் மேஜை. தையல் தப்பியிருந்தாலோ மடிப்பு கோணலாக இருந்தாலோ அங்கே இருக்கும் பெண் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். சீட்டில் யார் நம்பர் இருக்கிறதோ அவர் கணக்கில் நோட்டில் ஒரு கோடு விழும்.

பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் அந்தக் கோடுகளை எல்லாம் ஏற்றினேன். கிடைமட்டத்தில் வயது, செங்குத்தில் ஆல்ட்டர். நிரல் ஓடி முடிந்ததும் திரையில் கோடு வந்தது. வயது கூடக் கூட ஆல்ட்டர் கூடுகிறது. சாய்வு தற்செயலாக வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் நிரல் சொன்னது. அன்று கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அதிகாரியிடம்தான் முதலில் காட்டினேன்.

"சூப்பர் மா! இதத்தான் நான் ஒரு வருஷமா வாயால சொல்லிட்டு இருக்கேன். இப்ப கிராஃபே வந்துடுச்சு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விவரம் சொன்னார். நாற்பது வயதைத் தாண்டிய டெய்லர்களை லைனிலிருந்து எடுத்து, பிசிறு மேஜைக்கு மாற்றப்போகிறார்கள். அடுத்த ஆர்டர் தொடங்குவதற்குள் செய்யவேண்டும். "நீங்க ரிப்போர்ட்டா எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க. மூணு வாரம் டைம். மேனேஜ்மெண்ட் முன்னாடி நீங்களே வந்து சொல்லுங்க."

பிசிறு மேஜை என்றால் தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலைக் கத்திரியால் வெட்டும் இடம். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யவேண்டும். அங்கே இருப்பவர்களை யாரும் டெய்லர் என்று கூப்பிடுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் "சரி சார்" என்றுதான் சொன்னேன். என் கையெழுத்தைக் கேட்கிறார்களே என்பது காதில் நின்ற அளவுக்கு மற்றது நிற்கவில்லை. அதை இன்று மறைக்க விரும்பவில்லை.

அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, முகம் கழுவி, டம்ளர் டீயோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி அது, கடுகு கொட்டின மாரி?"

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு டெய்லர்மா. இந்தப் பக்கம் போகப் போக வயசு ஜாஸ்தி. மேல போகப் போக ஆல்ட்டர் ஜாஸ்தி."

"நடுவுல கோடு?"

"அதுதான் ரெக்ரஷன். மொத்தத்துல யாரையும் ரொம்பத் தள்ளி விட்டுடாம, எல்லாருக்கும் நடுவுல போற கோடு. ஒவ்வொரு புள்ளியும் கோட்டுல இருந்து எவ்ளோ தூரம் விலகி இருக்குன்னு பாத்து, அதை வர்க்கமாக்கிக் கூட்டணும். எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை ரொம்பக் கம்மியோ, அந்தக் கோடு."

"யார் மேலயாவது படுதா அது?"

"படணும்னு அவசியம் இல்ல."

"யார் மேலயும் படாத கோட்ட வெச்சிகினு எல்லாரப் பத்தியும் பேசப்போற." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "நா எங்க கீறேன் இதுல?" என்றாள்.

அம்மாவின் நம்பர் முப்பத்தாறு. கழுத்து அட்டையில் தினமும் பார்ப்பது. ஆனால் அந்தப் புள்ளியை அதுவரை நான் தேடவில்லை. தேடாமல் இருந்தேன் என்பதுதான் சரி. இப்போது தேடி விரலை வைத்தேன். வலது ஓரத்தில், கோட்டுக்கு மேலே மிக உயரத்தில், மற்ற எல்லாப் புள்ளிகளையும் விட்டு விலகித் தனியாக இருந்தது. லைனிலேயே அதிக ஆல்ட்டர்.

அம்மா டீயைக் கீழே வைத்தாள். அதிகாரி சொன்னதையும் சொல்லி முடித்தேன்.

"பத்தொம்பது வயசுல உக்காந்தேன் மெஷின்ல" என்றாள். "என்ன நிக்க வெச்சி கையில கத்திரி குடுக்கத்தான் உன்னப் படிக்க வெச்சேனா?"

"நோட்ல இருக்கறதைத்தான்மா போட்டேன். நானா எதுவும் எழுதல."

"நோட்ல ஆல்ட்டர் கீது. அது காலரா, சைடா, பாக்கெட்டான்னு கீதா?"

இல்லை.

"சைடு தையல் நேரா ஒரே ஓட்டு. பேசிகினே ஓட்டலாம். காலர் வளையும், முனை நிக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மாரி நிக்கணும். ஒரு நூலு தப்புனா செக்கிங்காரி கண்ணுல மொதல்ல படறது கழுத்துதான். அத யாருக்குத் தராங்க? நேத்து வந்த பொண்ணுக்கா தராங்க? எங்களுக்குத்தான் தராங்க. கஷ்டத்த எங்க கையில குடுத்துட்டு, தப்பு யார் கையில ஜாஸ்தின்னு எண்ணிகினு வந்துகிற நீ!"

எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். அன்று அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

அம்மா சொன்னதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. விடுபட்ட மாறி. விளைவையும் பாதித்து, நாம் எடுத்துக்கொண்ட காரணத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அதன் பாரமும் உள்ளே இருக்கும் காரணத்தின் தலையில் விழும். முந்தின பருவத் தேர்வில் இதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஐஸ்கிரீம் விற்பனையையும் ஆற்றில் மூழ்குபவர்களையும் உதாரணம் காட்டி, வெயிலை மறந்தால் ஐஸ்கிரீம் மேல் பழி விழும் என்று அழகாக எழுதினேன். என் அம்மாவின் காலரை மறந்துவிட்டேன்.

மறுநாள் அந்த விடைத்தாளை எடுத்து ஒருமுறை படித்தேன். படித்துவிட்டு, கையெழுத்துப் போடுவதென்றால் சரியானதில்தான் போடுவது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குச் சாதகமாக வருவதில் அல்ல, சரியானதில். இரண்டும் ஒன்றாக வரும் என்று அப்போது எனக்கு நிச்சயம் இல்லை.

யார் எந்தத் தையலில் உட்கார்ந்தார்கள் என்பது கம்ப்யூட்டரில் இல்லை. லைன் சூப்பர்வைசர் தினமும் காலையில் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த மெஷினில் எந்த நம்பர் என்று எழுதி வைப்பார். அவரைத் தேடிப் போனேன். நரைத்த மீசை, காதில் பென்சில்.

"இன்னா பாப்பா, அம்மாவ வேவு பாக்க வந்துகினியா?"

"இல்லண்ணா. உங்களை."

"அப்டிப் போடு! நம்மகிட்ட இன்னா கீது வேவு பாக்க?"

பழைய தாள்கள் வேண்டும் என்றேன். மேஜை இழுப்பறையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு கத்தையை எடுத்துக் கொடுத்தார். நடுநடுவே சில நாட்களைக் காணோம். "அதெல்லாம் வடை மடிச்சுக் கட்டினதுல போயிருக்கும், கண்டுக்காத" என்றார். கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. காணாமல் போன நாட்கள் எவை என்று தனியாகக் குறித்துக்கொண்டேன். வடை வாங்கிய நாளுக்கும் ஆல்ட்டர் கூடிய நாளுக்கும் சம்பந்தம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன்.

ஒரு வாரம் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் படி எடுத்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மா மட்டும் இரண்டு மேஜை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

இந்த முறை வயதோடு தையல் வகையையும் சேர்த்தேன். காலர் தைப்பவரைக் காலர் தைப்பவரோடும், சைடு தைப்பவரைச் சைடு தைப்பவரோடும் வைத்துப் பார்ப்பதற்குச் சமம் இது. அதில் ஒரு சிக்கல் உண்டு. காலரில் இருப்பவர்கள் எல்லோரும் வயதானவர்களாகவே இருந்தால், பழி வயதுக்கா காலருக்கா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றாகவே நடக்கும். நல்ல வேளையாக இருபத்தைந்து வயதுக்குள் காலர் தைக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பெரியவர்களிலும் சிலர் முதுகு வலிக்காக சைடு தையல் கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்தச் சில பேரின் மேல்தான் என் கணக்கு முழுவதும் நின்றது. அதையும் அறிக்கையில் எழுதவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

கோடு படுத்துவிட்டது. தையல் வகையைச் சேர்த்ததும் வயதின் சாய்வு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் போனது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு புள்ளி இறங்கவில்லை. முப்பத்தாறு. காலரைக் காலரோடு ஒப்பிட்ட பிறகும் அம்மாவின் புள்ளி தன் கோட்டுக்கு மேலேயே நின்றது. கணக்கு சொல்லும் அளவுக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எச்சம் என்போம். அம்மாவின் எச்சம் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஒரு புள்ளிதானே என்று விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. என் அம்மா உண்மையிலேயே மோசமாகத் தைக்கிறாளா? அப்படியென்றால் அதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் ஆல்ட்டர் எல்லா நாளும் அதிகமாக இல்லை. சில வாரங்களில் எகிறும், பிறகு இறங்கி, மற்ற காலர்காரர்களைவிடக் குறைவாக இருக்கும், மறுபடி எகிறும். லைனில் இன்னும் நான்கைந்து பெரியவர்களுக்கும் அதே வாரங்களில் அதே எகிறல், கொஞ்சம் சின்னதாக. எகிறிய வாரங்களை, அதிகாரியிடம் கேட்டு வாங்கிய சேர்க்கைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். எல்லாமே புது ஆட்கள் வந்த வாரங்கள். பூந்தமல்லி ஹாஸ்டலிலிருந்து, மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு கம்பெனி வேனில் வரும் ஒடிசாப் பெண்கள்.

"புதுசா ஆள் வந்தா உனக்கு என்னம்மா ஆகுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல."

"ஏதோ ஆகுது. நோட்டு சொல்லுது."

"நோட்டையே கேளு."

இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள், கீரை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "நம்பர் குடுக்கறோம்."

புதிதாக வரும் பெண்ணை அனுபவசாலியின் பக்கத்து மெஷினில் உட்கார வைப்பார்கள். முதல் மாதத்தில் ஆல்ட்டர் அளவு மீறினால் அந்தப் பெண்ணை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவள் கை பழகும்வரை, அவள் தைத்த கட்டின் சீட்டில் பக்கத்தில் இருப்பவர் தன் நம்பரை எழுதிவிடுவார். சிவப்பு அம்பு திரும்பி வந்தால் இவரே பிரித்துச் சரிசெய்வார். இதற்குப் பெயர்தான் நம்பர் கொடுப்பது. லைனில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

"நீ எதுக்கும்மா மத்தவங்களைவிட ஜாஸ்தி குடுக்கற?"

"என் பக்கத்துல ரெண்டு மெஷின் கீது. ரெண்டுலயும் ஆள் உக்கார வெக்கறாங்க. நா இன்னா பண்ண? எனக்கும் ஒருத்தி குடுத்தா. அதனாலதான் நா அங்க கீறேன். அதனாலதான் நீ இங்க உக்காந்துகினு கேள்வி கேக்கற."

எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டில் இருப்பது யார் கை தப்பு செய்தது என்பதல்ல, யார் நம்பர் எழுதப்பட்டது என்பதுதான். இதை எழுதினால் அறிக்கையை யாராலும் அசைக்க முடியாது.

"எழுதாத" என்றாள் அம்மா.

"எழுதினா உன் இடம் தப்பிக்கும்மா!"

"எழுதினா இப்ப வந்த பொண்ணுங்க வண்டி ஏறிடும். ஒண்ணுக்கு இன்னும் தமிழ்ல தண்ணி கேக்கவே தெரியல."

"அப்ப நீ பிசிறு மேஜைக்குப் போறியா?"

"போவ மாட்டேன்."

"ரெண்டும் எப்டிம்மா நடக்கும்?"

"அதுக்கு வழி நீ பாரு. படிச்சவதான நீ." கீரைத் தண்டுகளை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று எனக்கு அம்மா மேல் கோபம்தான் வந்தது. என் கையில் உண்மை இருக்கிறது, அதைச் சொல்லாதே என்கிறாள். பொய் எழுத எனக்கு வராது, அதற்காகப் படிக்கவில்லை. இரண்டு நாள், ப்ராஜெக்டை மேற்பார்க்கும் பேராசிரியரிடம்கூடப் போகாமல் நோட்டுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று புரிந்தது. நம்பர் கொடுக்கும் விஷயம் எனக்கு என் அம்மா சொல்லித் தெரியும். என் தரவு அதைச் சொல்லவில்லை. தரவுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வாரத்தில் கூடியது, எந்த வாரத்தில் கூடவில்லை என்பது மட்டும்தான். தரவு சொல்வதை முழுதாகச் சொல்வது, அது சொல்லாததைச் சொல்லாமல் விடுவது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

புது ஆட்கள் வந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் நாட்களுக்கு ஒன்று, மற்ற நாட்களுக்குப் பூஜ்யம் என்று ஒரு மாறியைச் சேர்த்தேன். போலி மாறி என்று அதற்குப் பெயர். ஆம் அல்லது இல்லை என்பதை மட்டும் சொல்லும். யார் புதியவர்களுக்குப் பக்கத்து மெஷினில் இருந்தார்கள் என்பதோடு அதை இணைத்ததும் அம்மாவின் புள்ளி மெதுவாக இறங்கி மற்றவர்களோடு வந்து சேர்ந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: புதியவர்கள் சேரும் நாட்களில் அவர்களுக்கு அருகில் இருக்கும் மூத்த டெய்லர்களின் கணக்கில் ஆல்ட்டர் கூடுகிறது. மற்ற நாட்களில் கூடவில்லை. இதன் காரணத்தை இந்தப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத இரண்டு நாள் ஆனது.

கூட்டத்துக்கு அதிகாரியும் ஃபேக்டரி மேனேஜரும் வந்தார்கள். லைன் விஷயம் என்பதால் சூப்பர்வைசரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உட்காராமல் கதவருகே நின்றார். முதல் படத்தைக் காட்டி, இது தவறு என்று ஆரம்பித்தேன். அதிகாரி முகம் சுருங்கியது.

"என்ன மா இது, போன தடவை நீங்கதானே கொண்டு வந்தீங்க?"

"ஆமா சார். நான் போட்டதுதான். தையல் வகையை விட்டுட்டுப் போட்டேன். அது என் தப்பு."

ஒவ்வொன்றாக விளக்கினேன். மேனேஜர் வயதானவர், கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிதான் விடவில்லை.

"முதல் கிராஃப் எவ்ளோ தெளிவா இருந்துச்சு. இப்ப ஏதேதோ சேத்துக் குழப்பிட்டீங்க."

"தெளிவா இருந்துச்சு சார். தப்பாவும் இருந்துச்சு."

அவர் பட்டியலைப் புரட்டினார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். "ஒரு நிமிஷம். உங்க அம்மா இந்த லைன்தானே? அவங்களுக்காக மாத்திட்டீங்களா மா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே ஒரு பக்கம் தனியாக வைத்திருந்தேன். அதை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"முப்பத்தாறாம் நம்பரை மொத்தமா எடுத்துட்டு மறுபடி போட்டிருக்கேன் சார். வயசோட கோடு அப்பவும் எழும்பல. என் அம்மா இந்தக் கணக்குல இருந்தாலும் இல்லாட்டியும் முடிவு அதேதான்."

மேனேஜர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். முதல்முறையாகப் பேசினார். "புது ஆள் வந்தா பெரியவங்களுக்கு ஏன் கூடுது?"

கதவருகே சூப்பர்வைசர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். அவருக்கும் தெரியும் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. சீட்டுகள் எல்லாம் அவர் கண் முன்னால்தானே போகின்றன.

"அதைப் பதிவேடு சொல்லல சார். ஆனா ஒண்ணு சொல்லுது. காரணம் வயசா இருந்தா எல்லா வாரமும் கூடியிருக்கணும். வயசு புது வேன் வந்தா ஏறி, ஒரு மாசம் கழிச்சு இறங்காது."

மேனேஜர் சிரிக்கவில்லை, ஆனால் தலையசைத்தார். அப்போது கதவருகிலிருந்து குரல் வந்தது.

"புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு வேலை காட்டிக்குடுக்கறதே அவங்கதான் சார். வேற யாரும் கிடையாது. அவங்கள எடுத்துட்டா நான்தான் ஒடியா கத்துக்கணும்."

அது உண்மைதான். முழு உண்மை இல்லை, ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வயது அடிப்படையில் யாரையும் இப்போது மாற்றவேண்டாம் என்றார் மேனேஜர். இப்போது என்றுதான் சொன்னார். ஆல்ட்டர் நோட்டில் தையல் வகைக்கு ஒரு பத்தி சேர்த்து எழுதி, அடுத்த ஆர்டர் முடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்று முடிவானது. அப்போதும் நானே பார்த்துச் சொல்வதாக எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

செக்கிங் மேஜையில் இருக்கும் நோட்டுகளுக்குப் புதுப் பத்தியை நானேதான் ஸ்கேல் வைத்துப் போட்டேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அம்மா தன் மெஷினிலிருந்து ஒருமுறை என்னைப் பார்த்து, "கோணலா போட்டா ஆல்ட்டர் அனுப்புவேன்" என்று சத்தமாகச் சொன்னாள். லைனே சிரித்தது.

அடுத்த ஆர்டர் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். அதற்கடுத்ததும். அம்மா இன்றும் காலர்தான் தைக்கிறாள். இப்போது அங்கே கையால் நம்பர் எழுதும் சீட்டு இல்லை. எல்லாம் மெஷினிலேயே பதிவாகிறது. அதனால்தான் அம்மாவிடம் கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆனால் கூட்டம் முடிந்த அடுத்த வாரத்தை மறக்க முடியாது. அம்மா வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, புது வேன் வந்திருக்கிறது என்றாள். பக்கத்து இரண்டு மெஷினிலும் ஆள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்ததாம்.

"நம்பர் குடுத்தியா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏன், அதுக்கும் ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப எழுந்து தட்டு எடு. பசிக்குது."